பசுமைக் கட்டிடமும் வாடகைக்கு வருவோரும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் கடந்த கால் நூற்றாண்டில் எழும்பியிருக்கும் வணிகக் கட்டிடங்களை, ஐந்து ரோட்டிலிருந்து ஓமலூர் நோக்கிச் செல்லும் சாலையிலும், சாரதா கல்லூரிச் சாலையிலும், நாமக்கல்லின் பரமத்தி சாலையிலும் திருச்சி சாலையிலும் சற்று நிதானித்து நின்று நோக்குபவருக்கு, அவற்றைக் கட்டுவித்தவர்களும் அவற்றுக்குள் பகல் முழுவதும் உட்கார்ந்து உழைப்பவர்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொண்டதே இல்லை என்பது எளிதில் விளங்கிவிடும். முகப்பு முழுவதும் கண்ணாடி; கண்ணாடி முடிந்த இடத்தில் அலுமினியத் தகடு; ஜன்னல் இருந்தாலும் திறக்க வழியில்லாத ஜன்னல்; பின்சுவரில் வரிசை வரிசையாக ஏ.சி. இயந்திரங்களின் வெளிப்பெட்டிகள், மொட்டை மாடியிலோ சித்திரை வெயிலில் காயும் வெறும் கான்கிரீட். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமானி நாற்பது பாகையைத் தொடும் ஒரு பிரதேசத்தில் இவ்வாறு கட்டுவது, அங்கே வாடகைக்கு வருபவருடைய பணப்பையையும் ஆரோக்கியத்தையும் ஒருங்கே பாதிக்கிறது என்பதைப் பற்றி நம் ஊர்களில் வெளிப்படையான பேச்சு எழவேண்டிய காலம் வந்துவிட்டதென்று கருதுகிறேன்.

சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டிடம், பசுமைக் கட்டிடம் என்றெல்லாம் சொன்னால், அது சென்னைக்கும் பெங்களூருக்கும் உரிய ஆடம்பர விஷயம் என்றே இங்குள்ள பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இந்தச் சமவெளியில் இடம் வாடகைக்குப் பிடிப்பவர் யார் என்று பார்த்தால், லாரி புக்கிங் ஆபீஸ்காரர், ஆடிட்டர், வக்கீல், சீட்டு நிறுவனத்தார், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை மேலாளர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி, ரத்தப் பரிசோதனை நிலையத்தார், பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் இளைஞர் என்று இவர்களாகவே இருப்பார்கள். இவர்கள் எவரும் கட்டிடத்தின் வாசலில் பதித்த சான்றுப் பட்டயத்தைப் பார்த்து இடம் பிடிப்பதில்லை. மாதம் பிறந்தால் வாடகை, கரண்ட் பில், தண்ணீர் லாரிக்குக் கொடுப்பது, மெயின்டெனன்ஸ் ஆகிய நான்கையும் கூட்டி என்ன தொகை வருகிறது என்பதும், வேலைக்கு வைத்த பிள்ளைகள் தலைவலியும் களைப்புமாக இல்லாமல் மாலைவரை உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்பதும், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் எவ்வளவு டீசலைக் குடிக்கும் என்பதுமே இவர்களுடைய விசாரம். இந்த விசாரத்துக்கெல்லாம் சரியான விடை எதுவோ அதுவே உண்மையான பசுமைக் கட்டிடம். அதனால் இவர்கள் கேட்பதற்கும் பூமிக்கு நன்மை பயப்பதற்கும் இடையே எந்த விரோதமும் இல்லை.

நம் நாட்டில் பசுமைக் கட்டிட இயக்கம் மேலிருந்து கீழ்நோக்கி வந்தது. இந்தியப் பசுமைக் கட்டிட மன்றம் 2001-இல் தோன்றியது. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு எழுப்பிய கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் அமெரிக்க முறைப்படி பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. நம் தட்பவெப்பத்தைக் கருதி ‘கிருஹா’ என்ற மதிப்பீட்டு முறை பின்னர் உருவாயிற்று. 2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகமும் பசுமைக் கட்டிடமென்ற புகழோடு எழும்பியது. நான்கே ஆண்டுகளில் அது அரசு மருத்துவமனையாக மாற்றப்பட்டது. மருத்துவமனையானதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. சட்டமன்றமும் செயலகமும் நடப்பதற்கென்று வகுத்த வரைபடத்தை வைத்துக் கொடுத்த சான்று, நோயாளிகள் இரவும் பகலும் படுத்திருக்கும் கட்டிடம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறதென்பதைப் பற்றி ஒன்றும் கூற முடியாது என்பதையே இங்கே குறிப்பிட விரும்புகிறேன். வரைபடத்துக்குக் கிடைக்கும் பெருமை ஒன்று; ஆண்டு முழுவதும் ஓடிய மீட்டர் காட்டும் கணக்கு மற்றொன்று. வாடகைக்கு வருபவருக்குப் பயன்படுவது இரண்டாவது.

அந்தக் கணக்கைத்தான் எவரும் சொல்வதில்லை. இடம் பார்க்க வந்தவர், “கரண்ட் பில் எவ்வளவுங்க வரும்?” என்று கேட்பார், கட்டிடக்காரர், “அது நீங்க ஓட்டுறதப் பொறுத்ததுங்க” என்று பதில் சொல்வார். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கட்டுவதற்குச் செலவு செய்பவர் ஒருவர், கட்டியதன் பலனை ஆண்டுதோறும் அனுபவிப்பவர் மற்றொருவர். மேல்தளத்துக்கு வெப்பம் தடுக்கும் பூச்சு பூசினால் காசு போவது கட்டிடக்காரருக்கு, மின்கட்டணம் குறைவது வாடகைதாரருக்கு. வாடகைதாரரே பூசிக்கொள்ளலாமென்றால் பதினொரு மாத ஒப்பந்தமும் அடுத்த ஆண்டு காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சமும் அவர் கையைக் கட்டிவிடும். ஒரே மீட்டரிலிருந்து பல கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் சப் மீட்டர் வைத்து, மின்வாரியம் வாங்குவதைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வசூலிக்கும் வழக்கமுள்ள கட்டிடங்களிலோ, மின்சாரம் அதிகம் செலவாவதால் உரிமையாளருக்கு நஷ்டம் என்பதே கிடையாது.

கட்டுபவரும் கட்டணம் செலுத்துபவரும் ஒருவராகவே இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்போசிஸ் நிறுவனம் தன் சொந்த வளாகத்தில் செய்த பரீட்சை நல்ல சாட்சி. ஒரே கட்டிடத்தை இரு சம பாகங்களாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான, ஆனால் திறமாக வடிவமைத்த ஏ.சி. முறையையும், மறுபாதியில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு அறையைத் தணிக்கும் முறையையும் அமைத்து, இரண்டையும் தனித்தனி மீட்டரில் அளந்தார்கள். இரண்டாவது பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. அமைப்பதற்கான செலவும் கூடவில்லை. மீட்டர் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது என்பதால் அளந்து பார்க்கும் சிரத்தை அவர்களுக்கு இருந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. நாமக்கல் மாவட்டத்தின் கோழிப்பண்ணையாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதே காரியத்தைத்தான். முட்டைக் கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகுந்தால் வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது தன்னைத் தணித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு இரைக்க இரைக்கத் தீவனம் எடுப்பது குறைந்து, முட்டையின் எண்ணிக்கை குறைந்து, ஓடும் மெலிந்துபோகும். இந்த நஷ்டம் மறுநாள் காலையிலேயே முட்டைத் தட்டில் தெரிந்துவிடும் ஆதலால், பண்ணையாளர் கொட்டகையின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைக்கிறார். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும்படி பார்த்துக்கொள்கிறார். காற்று ஊடுருவிப் போகுமாறு அகலத்தை மட்டுப்படுத்துகிறார். கூண்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி அமைக்கிறார். கோடை வருவதற்கு முன் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார், அல்லது தென்னங்கீற்றைப் பரப்பி நீர் தெளிக்கிறார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவரும் வானிலைக் குறிப்பைப் பார்த்து, தீவனம் இடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொள்கிறார். கட்டிடக் கலையில் பட்டம் பெற்றவர்கள் நீண்ட கட்டுரைகளில் எழுதும் சித்தாந்தங்கள் யாவும் இந்தக் கொட்டகையில் நடைமுறையாக விளங்குகின்றன.

அதே பண்ணையாளர் சேமித்த பணத்தைக் கொண்டு நகரத்தில் ஒரு வணிகக் கட்டிடம் எழுப்பும்போது, அந்த ஞானத்தை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிடுகிறார் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. மனையின் முகம் சாலையை நோக்கியது. சேலத்திலிருந்து ஓமலூர் செல்லும் சாலையைப்போல் வடக்கு நோக்கி ஓடும் சாலையின் கிழக்கு ஓரத்தில் அமைந்த மனை என்றால், முகப்பு மேற்கு நோக்கியே அமையும். அந்த மேற்கு முகப்பில்தான், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து கதிரவன் சாய்ந்து நேராக உள்ளே நுழையும் திசையில்தான், மேலிருந்து கீழ்வரை கண்ணாடியை நிறுத்துகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர் வெப்பத்தால் குறைவாக வேலை செய்தால் அந்த நஷ்டம் கட்டிடக்காரரின் கணக்கில் ஏறுவதில்லை. நம் பாட்டனார் காலத்து மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பி, அதன் மேல் தட்டோடு பதித்து, சாலையை நோக்கி ஆழமான தாழ்வாரமும் இறக்கியிருந்தார்கள். அவர்கள் அந்தச் செலவைச் செய்ததற்குக் காரணம், அவர்களே அந்தக் கூரையின் கீழ் படுத்து உறங்கினார்கள் என்பதுதான்.

மேற்குச் சுவருக்கு நிழலும், மேல்தளத்துக்கு வெண்பூச்சும், திறக்கக்கூடிய ஜன்னலும் பெரிய விஞ்ஞான அதிசயங்கள் அல்ல. இவை இருந்தால் ஏ.சி.யின் உழைப்பு எவ்வளவு குறையும் என்பதை ஒரு சிறு கணக்கால் மனத்திற் கொள்ளலாம். ஒரு காரியாலயத்தில் ஒன்றரை டன் இயந்திரங்கள் பத்து இருப்பதாகவும், ஒவ்வொன்றும் மணிக்குச் சராசரி ஒன்றேகால் யூனிட் எடுப்பதாகவும், மாதத்தில் இருபத்தைந்து நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், குளிரூட்டுவதற்கு மட்டும் 2,500 யூனிட் ஆகிறது. வணிக இணைப்புக்கு யூனிட் விலை பத்து ரூபாயை ஒட்டி நிற்பதால் அது மாதம் 25,000 ரூபாய். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது; 2020 முதல் விற்பனையாகும் அறை ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 பாகையிலேயே தொடங்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான் வந்தது. ஆனால் சுடும் சுவருக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு 24 பாகை போதாது. அவர் இருபதுக்கு இறக்குவார். அந்த நான்கு பாகைக்காக மாதம் ஆறாயிரம் ரூபாய் போகும். சுவர் குளிர்ந்திருந்தால் 26 பாகையிலும் மின்விசிறியோடு சுகமாக வேலை செய்யலாம். அகமதாபாதின் ‘செப்ட்’ பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் ஆபீஸ்களில் வேலை செய்வோரிடம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மேல்நாட்டு அளவுகோல்கள் சொல்வதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் நம் மக்கள் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று நிறுவியது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட நெறிமுறையிலும் அது இடம்பெற்றது.

வெப்பத்தைவிட அதிகமாகக் கவனிப்பாரற்றுக் கிடப்பது காற்று. நம் ஊர் ஆபீஸ்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிலிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதேயன்றி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதைப் பலர் அறியார். கதவையும் கண்ணாடியையும் இறுக மூடிய ஒரு ஹாலில் முப்பது பேர் மணிக்கணக்கில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் வெளியிட்ட கரியமில வாயுவையே அவர்கள் மீண்டும் சுவாசிக்கிறார்கள். அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இருபத்துநான்கு ஊழியர்களை ஆறு நாட்கள் ஒரு பரிசோதனை ஆபீஸில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் நாளுக்கு நாள் காற்றின் தன்மையை மாற்றிப் பார்த்தார்கள். வெளிக்காற்று தாராளமாக வந்த நாட்களில் அவர்களுடைய சிந்திக்கும் திறனும் முடிவெடுக்கும் திறனும் மிகத் தெளிவாக உயர்ந்திருந்ததை 2015-இல் வெளியிட்டார்கள். பிற்பகலில் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்களே என்று வருந்தும் முதலாளி, அவர்களுடைய சோம்பலைக் குற்றம் சொல்வதற்கு முன், திறக்க ஒரு ஜன்னல் உண்டா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதிகள் இந்த இரு மாவட்டங்களிலும் நிறைய உண்டு. மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழகம் முழுவதும் கட்டாயமாயிற்று. ஆனால் குழாய் ஒன்றை மொட்டை மாடியிலிருந்து இறக்கி மண்ணில் நட்டுவைத்திருப்பதைக் கண்டு திருப்தியடையாமல், அது போய்ச் சேரும் குழி தூர்வாரப்படுகிறதா என்று வாடகைக்கு வருபவர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கோடையில் லாரித் தண்ணீருக்கு அவரே அல்லவா பணம் கட்டப் போகிறார்?

இந்த முடிச்சை அவிழ்க்கப் பிற தேசங்கள் கண்ட வழி, உபயோகத்தை ஒளிக்காமல் சொல்லவைப்பது. ஆஸ்திரேலியாவில் 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, பெரிய ஆபீஸ் கட்டிடங்களை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அவற்றின் மின்சார மதிப்பீட்டை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடோ வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பதன்று, பன்னிரண்டு மாதம் உண்மையில் செலவான அளவைக் கணக்கிட்டுக் கொடுப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிகத் தாழ்ந்த தரமுடைய கட்டிடங்களைப் புதிதாக வாடகைக்கு விடுவது 2018 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டு, 2023-இல் நடப்பிலுள்ள வணிக ஒப்பந்தங்களுக்கும் அது விரிவாயிற்று. தெலங்கானா 2023-இல் ஒரு குளிர்கூரைக் கொள்கையை வகுத்து, வணிகக் கட்டிடங்களும் அரசுக் கட்டிடங்களும் வெயிலைத் திருப்பியனுப்பும் கூரை அமைக்க வேண்டுமென்று விதித்தது. நம்மிடமும் கருவி இல்லாமலில்லை. வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் வடித்துப் பதிவு செய்ய வேண்டுமென்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை, சுவருக்கு வர்ணம் பூசுவது யார் பொறுப்பு, குழாயின் வாஷர் மாற்றுவது யார் பொறுப்பு என்பதுவரை பங்கிட்டுச் சொல்கிறது. வாஷருக்கு ஓர் இடம் கொடுத்த அந்த அட்டவணையில், கூரையின் வெப்பத்தைத் தடுப்பது யார் பொறுப்பு என்பதற்கும் ஒரு வரி சேர்ப்பது அரசுக்குக் கடினமான காரியமன்று.

கட்டிடக்காரரின் பக்கத்து நியாயத்தையும் மறுக்கலாகாது. இங்குள்ள உரிமையாளர்களில் பெரும்பாலோர் பெருநிறுவனத்தார் அல்லர். வங்கிக் கடனில் இரண்டு மாடி எழுப்பி, வரும் வாடகையில் தவணை கட்டுபவர்களும், ஓய்வுக் காலத்துக்கு அதையே நம்பியிருப்பவர்களும் அவர்களுள் பலர். அவர்கள்மேல் சட்டத்தின் பாரத்தை மட்டும் சுமத்தினால் வாடகை ஏறும், அல்லது பொய்க் கணக்கு வரும். ஆகையால், மேல்தளப் பூச்சுக்கும் மேற்குப் பக்கத்து நிழலுக்கும் ஆன செலவை, அதனால் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்தே சில ஆண்டுகளில் வாடகைதாரர் ஈடுசெய்வது என்றும், அந்தக் காலம் வரை அவரைக் காலி செய்யச் சொல்வதில்லை என்றும் ஒரு ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே இருவருக்கும் நியாயமான வழி. மூன்றாண்டு நிலையாக இருக்கும் வாடகைதாரரை எந்தக் கட்டிடக்காரர்தான் விரும்பமாட்டார்? மேலும், பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் ஆயிரம் கம்பெனிகள் தங்கள் மின்சாரச் செலவையும் கரியமில வாயு வெளியீட்டையும் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டுமென்று 2022-23 முதல் செபி விதித்திருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் வாடகை இடத்தில் கிளை நடத்தும் வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இவற்றுள் அடக்கம். அவர்கள் இனி மீட்டரைப் பார்த்தே இடம் பிடிப்பார்கள்.

இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய வாடகைதாரர் அரசாங்கமே. தனியார் கட்டிடங்களில் இயங்கும் அரசு அலுவலகங்களுக்குப் பொதுப்பணித் துறை நியாய வாடகையை நிர்ணயிக்கிறது. குளிர்ந்த கூரையும் திறக்கும் ஜன்னலும் உள்ள இடத்துக்குச் சதுர அடிக்குச் சிறிது கூட்டியும், இல்லாத இடத்துக்குக் குறைத்தும் நிர்ணயித்தால், ஓராண்டுக்குள் இந்தச் சமவெளியின் கட்டிட மேஸ்திரிகள் அனைவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அரசே வாடகைக்கு விடும் இடங்களும் உண்டு: ஜாகீர் அம்மாபாளையத்தின் எல்காட் வளாகமும், கருப்பூர் அருகே 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 55,000 சதுர அடி கொண்ட டைடல் நியோ கட்டிடமும் தங்கள் மாதாந்திர மின்சார உபயோகத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு யூனிட் என்று வாசலில் எழுதிவைத்து முன்மாதிரி காட்டலாம். சேலம் மாநகராட்சியும், 2024-இல் மாநகராட்சியான நாமக்கல்லும் கட்டிட அனுமதி வழங்கும்போது மேற்கு முகப்பின் கண்ணாடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம்.

அதுவரை வாடகைக்கு இடம் தேடுவோர் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஓராண்டுக்கு ஆறே ஆறு பில்கள்தாம்; கட்டிடக்காரர் மனம் வைத்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். அட்வான்ஸ் தொகையை எண்ணி வைப்பதற்கு முன் அந்த ஆறு பில்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொடுக்க மறுப்பவரின் கட்டிடத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டிடத்துக்குச் செல்லுங்கள்.